பெங்களூருக்கு வேலை நாள், நமக்கு லீவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளோடு காட்டுச் சபாரி என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் மே மாதத்தையும் அரையாண்டு லீவையும்தான் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறான தேர்வு. சபாரிக்குப் பேர்போன பந்திப்பூர், கபினி காடுகள் கர்நாடகத்தில் இருக்கின்றன, அங்கே சீட்டை நிரப்புவது பெங்களூருக் குடும்பங்கள். ஆகவே நம் பள்ளி நாட்காட்டியோடு கர்நாடகப் பள்ளி நாட்காட்டியையும் வைத்துப் பார்க்க வேண்டும். நமக்கு லீவாகவும் அவர்களுக்கு வேலை நாளாகவும் இருக்கும் நாள்தான் நமக்குத் தேவை.

காலாண்டுத் தேர்வு விடுமுறை பார்வைக்குக் காலியான காலம்போலத் தெரியும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்பது கர்நாடகப் பள்ளிகளுக்குத் தசரா விடுமுறை. மைசூரில் அறை வாடகை ஏறிவிடும், சபாரி டிக்கெட்டும் கிடைக்காது. உகாதிக்கும் இதே கதைதான், இரண்டு மாநிலத்துக்கும் லீவு.

பொங்கல் அப்படியல்ல. நமக்கு மூன்று நான்கு நாள் தொடர் விடுமுறை. அவர்களுக்குச் சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். வீட்டில் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் முடித்துவிட்டு மறுநாள் விடியற்காலை கிளம்பலாம். அந்த நாள் சனி ஞாயிறில் விழுந்தால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது, வாரக்கடைசிக்கூட்டம் வந்துவிடும். காணும் பொங்கலன்று ஒகேனக்கல்லும் முதுமலையும் நம் ஆட்களாலேயே நிரம்பும் என்பதால், அன்று கர்நாடகப் பக்கம் போவதே நல்லது. சாலையும் நமக்குச் சாதகம். பண்டிகைக்கு முன் கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரை வண்டிகள் நம் பக்கம் வரும், முடிந்ததும் பெங்களூர் நோக்கித் திரும்பும். காணும் பொங்கலன்று காலையிலேயே ஓசூரைத் தாண்டிவிட்டு, கூட்டம் பெங்களூருக்குத் திரும்பும் வேளையில் நாம் ஊருக்கு வந்தால், எதிர்ப்புற வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டே வரலாம்.

ஜனவரியில் விலங்கு தெரியுமா என்று கேட்பார்கள். மார்ச், ஏப்ரல் அளவுக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் உள்காட்டுக் குட்டைகளில் இன்னும் நிற்பதால் விலங்குகள் சிதறி மேயும். ஆனால் கோடைக் காட்டுத்தீக்கு முன்னேற்பாடாக வனத்துறை பாதையோரப் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடும் பருவமும் இதுதான். அந்த வேலை முடிந்த பாதையில் யானை, காட்டெருமை, புள்ளிமான், செந்நாய் தெளிவாகத் தெரியும். புலி பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். மந்தியும் புள்ளிமானும் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அது எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தால், புலி வராவிட்டாலும் இரண்டு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

இதைவிடவும் யாரும் கவனிக்காத ஒரு லீவு ஓசூர்க்காரர்களுக்கு உண்டு. மார்ச்சில் வரும் சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழாவுக்கு விடும் உள்ளூர் விடுமுறைதான் அது. கர்நாடகத்தில் அது தேர்வுக் காலம். கபினி அணையில் நீர் இறங்க இறங்கக் கரையில் பசும்புல் முளைத்து யானைக்கூட்டம் இறங்கத் தொடங்கும் காலமும் அதுவே. தேர் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் கிடைக்கும். தேர் பார்க்காமல் கிளம்புவதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அதற்கு எங்களிடம் பதிலில்லை. இரண்டு விஷயத்தை மட்டும் முதலில் பாருங்கள். விடுமுறைக்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை வேலை நாள் என்பது ஆட்சியர் அறிவிப்பிலேயே இருக்கும், அது உங்கள் பயணத்துக்குள் விழக்கூடாது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு உள்ளூர் விடுமுறை கிடையாது.

தர்மபுரி மாவட்டத்தின் ஆடிப்பெருக்கு விடுமுறை சபாரிக்கு உதவாது. மேற்கே மழைக்காலம், காடு அடர்ந்து கிடக்கும்.

வழியைப் பற்றி. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர், மைசூர், குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர் சுமார் 300 கி.மீ., பிள்ளைகளோடு 7 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நகர நெரிசல் வேண்டாமென்றால் ஓசூரிலிருந்து ஆனேக்கல், ஹாரோஹள்ளி, கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால் என்று போகலாம். தர்மபுரிக்காரர்களுக்கு மேட்டூர், கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை வழி கொள்ளேகாலில் சேரும், வளைவுகள் அதிகம். இந்த இரண்டு வழியில் வருபவர்கள் பந்திப்பூர் வரை போகாமல், சாமராஜநகரை அடுத்த பிலிகிரிரங்கன் மலையில் உள்ள கே. குடியில் சபாரி போவதே மேல். அங்கே கூட்டமும் குறைவு. பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். 8 மணிக்குக் குண்டலுப்பேட்டையைத் தாண்டவில்லையென்றால் அங்கேயே தங்கிவிடுங்கள். முதுமலைக்குப் போவதென்றால் நீலகிரி இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் இது நடைமுறை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அந்த மாவட்டத்துக்குள் கூடாது. ஸ்டீல் பாட்டில் எடுத்துப்போங்கள்.

டிக்கெட்டை அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுங்கள். மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று என இரண்டு சபாரி போதும், மூன்றாவதில் பிள்ளைகள் தூங்கிவிடும். டிக்கெட்டில் உள்ள பெயருக்கு அசல் அடையாள அட்டை வேண்டும், பிள்ளைகளுக்கும் ஆதார் எடுத்து வையுங்கள். டிக்கெட், இ-பாஸ் இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள், காட்டுக்குள் போன் டவர் இருக்காது. பணம் கட்டுமுன் சபாரி நடக்கிறதா என்று விசாரிப்பது முக்கியம். 2025 நவம்பரில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததையடுத்து நாகரஹொளெ (கபினி இதில்தான் வருகிறது), பந்திப்பூர் இரண்டிலும் கர்நாடகம் சபாரியை நிறுத்தியது. தமிழ்நாட்டிலும் தீ அபாயம் மிகுந்த கோடையில் முதுமலையை மூடுவதுண்டு. அறையை ரத்து செய்தால் பணம் திரும்பும் இடத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

வண்டி ஏறியபின் இறங்க முடியாது. அரை மணி முன்பே பாலும் தண்ணீரும் நிறுத்தி, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். பின்சீட்டு குலுக்கும், வாந்தி வரும் பிள்ளையை முன்னே உட்கார வையுங்கள். ஜனவரி விடியலில் திறந்த ஜீப்பில் காற்று எலும்பைத் தொடும், ஸ்வெட்டரோடு காதை மூடும் குல்லாவும் வேண்டும். தின்பண்டம் வண்டியில் வேண்டாம், குரங்கு பிடுங்கும். பைனாகுலர் 8x40 அளவு போதும். அதற்கு மேல் பெரிதானால் ஓடும் வண்டியில் உருவம் ஆடும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இதெல்லாம் அதிகம். அவர்களுக்குப் பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா சரி. ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம், வேலியிட்ட பரப்பில் சிங்கமும் புலியும் தெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

ஓசூரை அடுத்த சானமாவு காட்டுக்கு யானை வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது சபாரி ஆகாது. ராகி அறுவடைக்கு வரும் யானை அது, பின்னால் வனக்காவலர்கள் இருப்பார்கள். பொங்கல் இரவில் தேன்கனிக்கோட்டை – அஞ்செட்டி சாலையில் வண்டி ஓட்டுவதையும் தவிர்க்கலாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். தேர் நாள் பஞ்சாங்கத்தில் எப்போதோ இருக்கிறது. உள்ளூர் விடுமுறையையும் அதற்கு ஈடான சனிக்கிழமையையும் கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்தால் டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கும். தங்கள் நாளிதழும் ஜூன் மாதத்தில் தமிழ்நாடு, கர்நாடகப் பள்ளி விடுமுறைகளை அருகருகே ஒரே அட்டவணையாக வெளியிட்டால் எல்லை மாவட்டப் பெற்றோருக்கு உதவும்.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர்கள் சிலர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்