'அர்ப்பணிப்பு' என்னும் கட்டத்தை நிரப்பும் மூத்தோருக்கு ஒரு திறந்த மடல்

பணித்திறன் மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்து இளையவர்களுக்கு மதிப்பெண் இடும் மூத்த அலுவலர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். கட்டடங்களுக்கான கட்டமைப்பு வடிவமைப்புப் பணியில் 34 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இன்னும் சில மாதங்களில் ஓய்வுபெற இருக்கிறேன். அவற்றில் கடைசி 15 ஆண்டுகள், எனக்குக் கீழே பணிபுரிவோரின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களில் கையொப்பமிடும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்தப் படிவத்தில் தொழில் அறிவு, துல்லியம், காலக்கெடு ஆகிய கட்டங்களை அடுத்து 'அர்ப்பணிப்பு' என்றொரு கட்டம் உண்டு. பெயர் சற்று மாறினாலும் உங்கள் படிவங்களிலும் அப்படி ஒன்று இருக்கும். அந்தக் கட்டத்தில் நாம் எதை அளந்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

மதிப்பீட்டுக் கூட்டம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் "நம்மைப் போல உழைக்க இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று பெருமூச்சு விடுவார், மற்றவர்கள் தலையசைப்போம். நானும் பலமுறை தலையசைத்திருக்கிறேன். வரைபடப் பலகையின் முன் நின்றுகொண்டே நாளைக் கழித்ததையும், ட்ரேசிங் தாளில் மை வழிந்த கோட்டை பிளேடால் சுரண்டி மறுபடி வரைந்ததையும், மேலதிகாரி கிளம்பும்வரை நாற்காலியைவிட்டு எழாததையும் ஒரே மூச்சில், ஒரே பெருமையுடன் சொல்லியிருக்கிறேன். இவற்றில் முதல் இரண்டும் உழைப்பு, மூன்றாவது வெறும் காத்திருப்பு என்பது எனக்கு வெகு தாமதமாகவே உறைத்தது.

அதை எனக்கு உணர்த்தியவர் என் பிரிவில் சேர்ந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்த ஓர் இளம் பொறியாளர். கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிகள் ஒவ்வொன்றின் விட்டம், நீளம், வளைவு, எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிடும் பார் பெண்டிங் ஷெட்யூல் என்ற வேலை, நடுத்தர அளவுள்ள ஒரு கட்டடத்துக்கே எங்களுக்கு நான்கு நாட்கள் பிடிக்கும். அவர் அதற்காகச் சிறிய கணினி நிரல் ஒன்றை எழுதி, சரிபார்ப்பது உட்பட அரை நாளில் முடித்துவிட்டு, மாலை ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த ஆண்டு துல்லியத்தில் அவருக்கு 5-க்கு 5 போட்ட நான், அர்ப்பணிப்பில் 2 போட்டேன். காரணம் கேட்டார். "குழுவோடு ஒன்றி நிற்பதில்லை" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என் மனத்தில் இருந்தது ஐந்தரை மணிதான். அந்த நிரலைக் கற்று எழுத மூன்று வாரம் வீட்டில் இரவு விழித்திருந்தார் என்பது, அவர் வேலையை விட்டுப் போன பிறகே இன்னொருவர் மூலம் எனக்குத் தெரியவந்தது. என் கண்ணெதிரே விழித்திருந்தால் 5 கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் மிச்சப்படுத்திய மூன்றரை நாட்களில் என்ன நடந்தது? அதே போன்ற இன்னும் மூன்று கட்டடங்களை அவர் மேசையில் வைத்தேன். பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ், தொழில்நுட்பம் வளரும் வேகத்தைக் கணக்கிட்டு, நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணிநேர வேலையே போதுமானதாகிவிடும் என்று 1930-இல் எழுதினார். அவர் சொன்ன கெடு நெருங்கிவிட்டது. கருவிகள் அவர் எண்ணியதற்கும் மேலாகவே வளர்ந்திருக்கின்றன. ஆனால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நம் தலைமுறை கேட்கவேயில்லை. இளையவர்கள் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சோம்பல்.

நம் நினைவையும் நாம் அவ்வளவாக நம்பிவிடக் கூடாது. 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் உளவியல் ஆய்வு, நிறைய வாசிக்கும் பழக்கமுள்ள பெரியவர்களே "இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை" என்று அதிகம் குறைபடுகிறார்கள் என்பதையும், தம்மிடம் இன்று இருக்கும் குணத்தைத் தம் இளமைக்காலத்தார் எல்லோர்மீதும் ஏற்றிப் பார்ப்பது அதற்கு ஒரு காரணம் என்பதையும் காட்டியது. அந்த ஆய்வு உழைப்பை எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும், என் அனுபவத்தில் உழைப்புக்கும் அது பொருந்துகிறது. கடினமாக உழைத்து மேலே வந்தவர்கள்தாம் மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்கிறோம். நம்மோடு சேர்ந்து, பிற்பகலில் கோப்புக்குப் பின்னால் உறங்கிய நண்பர்கள் அங்கே இல்லை. ஆகவே நம் தலைமுறை முழுவதுமே விழித்திருந்ததாக நமக்குத் தோன்றுகிறது. அதோடு, ஒரு மனிதரின் வேலை மனப்பான்மையில் அவருடைய வயதுக்கும், அவர் வாழும் காலத்துக்கும், அவர் பிறந்த தலைமுறைக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. இவற்றைப் பிரித்தெடுப்பது ஆய்வாளர்களுக்கே எளிதன்று. இருபத்தைந்து வயதில் நாமும் அப்படித்தான் இருந்தோமா என்று சொல்லக்கூடிய நம் பழைய மேலதிகாரிகள் பலர் இன்று இல்லை என்பது நமக்கு வசதியாகப் போய்விட்டது.

இனி மணிக்கணக்குக்கு வருகிறேன். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பணியாளர்களின் உடல்நலத்தை ஆராய 1915-இல் அமைக்கப்பட்ட குழு, வேலை நேரத்தையும் உற்பத்தி அளவையும் வாரந்தோறும் பதிந்து வைத்தது. அந்தப் பதிவுகளை 2014-இல் மீண்டும் ஆராய்ந்த பொருளியலாளர் ஜான் பென்கவெல், வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணிநேரத்தைத் தாண்டியதும் கூடுதல் நேரத்தின் பலன் குறைந்துகொண்டே போவதையும், 70 மணிநேரம் உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணிநேரம் உழைத்தவர்களுடையதைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். எடைபோட்டும் எண்ணியும் பார்க்கக்கூடிய குண்டுகளுக்கே இந்தக் கணக்கு என்றால், இரவு ஒன்பது மணிக்கு நான் சரிபார்த்த வரைபடங்களின் தரத்தை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்ற வரம்பைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகவே 1919-இல் வகுத்தது. ஆகவே மாலையில் வீட்டுக்குப் போக விரும்புவது இந்தத் தலைமுறை கண்டுபிடித்த புதுமை அன்று. நம் பாட்டன்மார் காலத்திலேயே போராடிப் பெற்ற உரிமை அது.

உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டையும் நீங்கள் ஒருமுறை படிக்க வேண்டும். வாரத்துக்கு 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக, 2016-ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர், 45 வயதுக்கும் 74 வயதுக்கும் இடையில் அப்படி உழைத்து, 60-க்கும் 79-க்கும் இடையில் இறந்தவர்கள். அது இளையவர்களின் வயது அன்று, நம் வயது.

ஆனால் நாம் மூடர்களாய் உழைத்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. "தெய்வத்தான் ஆகாது எனினும்" என்று தொடங்கும் குறளைப் பயிற்சி வகுப்புகளில் நாம் சொல்லாத ஆண்டில்லை. முயற்சி என்ற சொல்லை அழுத்திச் சொல்லும் நாம், அதே குறளில் உள்ள கூலி என்ற சொல்லை விழுங்கிவிடுகிறோம். முயற்சி, மெய் வருந்தியதற்கான கூலியைத் தரும் என்றுதான் வள்ளுவரே உறுதி கூறுகிறார். நம்மில் பலருக்கு அந்தக் கூலி கிடைத்தது. நிலையான வேலை, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, காத்திருந்தால் வந்து சேரும் பதவி, இறுதியில் ஓய்வூதியம் என்று வரவு தெரிந்தே நாம் செலவு செய்தோம். ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, அது புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் பதினோராம் மாதத்தில் தவிக்கும் ஒருவரிடம் முப்பதாண்டு விசுவாசத்தை எதிர்பார்ப்பது என்ன கணக்கு? தென் கொரியாவில் 2023-இல், வாரத்துக்கு 52 மணிநேரமாக இருந்த உச்சவரம்பை 69 வரை நெகிழ்த்த அரசு முன்வைத்த திட்டத்தை மறு ஆய்வுக்கு அனுப்ப வைத்தது இளம் ஊழியர்களின் எதிர்ப்புத்தான். உழைக்க மறுக்கும் குரலாக அது எனக்குப் படவில்லை. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடும் குரலாகவே படுகிறது.

நம் கூலியில் வெளியே சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. நான் இரவு ஒன்பது மணிவரை அலுவலகத்தில் இருக்க முடிந்தது, பிள்ளைகளுக்கு உணவு, பாடம், காய்ச்சல், என் தாயாரின் மருந்து ஆகிய அனைத்தையும் என் மனைவி ஊதியமின்றிப் பார்த்துக்கொண்டதால்தான். என் படிவத்தில் எனக்கு விழுந்த அர்ப்பணிப்பு மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அவருடையது. இன்று என் பிரிவில் உள்ளவர்களில் பெரும்பாலோரின் வீடுகளில் கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் ஐந்தரைக்குக் கிளம்புவது ஓய்வெடுக்க அன்று, அடுத்த வேலையைத் தொடங்க.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. நம் உழைப்பில் உண்மையிலேயே அரிதான ஒன்று இருந்தது. அது இளையவர்களிடம் குறைந்து வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். சென்ற ஆண்டு ஓர் இளைஞர், இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் பீம் (உத்தரம்) ஒன்றுக்குப் பெண்டிங் மொமென்ட், அதாவது பாரம் அதை வளைக்கும் விளைவின் அளவு, 9 கிலோநியூட்டன்-மீட்டர் என்று காட்டிய கணினி அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். பார்த்தவுடனேயே எனக்குள் ஏதோ இடித்தது. மீட்டருக்கு 2 டன் என்று இருந்த பாரத்தை அவர் அப்படியே 2 என்று உள்ளிட, மென்பொருள் அதை 2 கிலோநியூட்டனாக எடுத்துக்கொண்டது. ஒரு டன் பாரம் என்பது ஏறத்தாழ 10 கிலோநியூட்டன். உண்மையான விடை ஏறத்தாழ 90. பத்தில் ஒரு பங்கு வலிமையுடன் அந்த பீம் கட்டப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. எனக்குள் இடித்தது அறிவுக்கூர்மை அன்று. அத்தகைய பீம்களை ஆயிரக்கணக்கில் கையால் கணக்கிட்டதன் தழும்பு. சலிப்பூட்டும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் அந்தத் தழும்பு விழாது. "அதற்குத்தான் மென்பொருள் இருக்கிறதே" என்று இளையவர்கள் சொல்லும்போது அவர்கள் தவறு செய்கிறார்கள் என்றே இன்றும் கருதுகிறேன்.

அந்தத் தழும்பை எனக்குத் தந்தது கைக்கணக்கு. மேலதிகாரியின் விளக்கு அணையும்வரை காத்திருந்தது அன்று. இளையவர்களிடம் நாம் கேட்க வேண்டியது முன்னதை. கேட்டுக்கொண்டிருப்பதோ பின்னதை. முன்னதைக் கேட்பதானால் அதற்கு நேரமும் நாம்தான் தர வேண்டும். கணினி இரண்டு நிமிடத்தில் முடிக்கும் என்பதற்காக ஒரு வேலைக்கு இரண்டு நிமிடமே ஒதுக்கிவிட்டு, அதைக் கையாலும் போட்டுப் பார்க்கவில்லை என்று குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். 'அர்ப்பணிப்பு' என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து நீக்குங்கள். நீக்க முடியாதென்றால், எந்தச் செயலுக்காக எந்த மதிப்பெண் என்பதை அருகில் ஒரு வரியில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். ஐந்தரை மணி என்று அந்த வரியில் எழுத யாருக்கும் கை வராது என்று நம்புகிறேன், எனக்கு வந்திருக்காது. அடுத்து, பணியில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில், அலுவலக நேரத்துக்குள்ளேயே வாரம் அரை நாளைக் கைக்கணக்குக்கும், மூத்தவர் ஒருவரின் அருகில் அமர்ந்து தவறுகளைத் தேடிப் பழகுவதற்கும் ஒதுக்குங்கள். கூடுதல் நேரத்தில் வேண்டாம், விடுமுறை நாளில் வேண்டாம். மற்றத் துறைகளில் இருப்பவர்களுக்குத் தங்கள் கைக்கணக்கு எது என்பது தெரிந்திருக்கும்.

என் பிரிவில் இந்த ஆண்டு 11 படிவங்களில் நான் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. அவையே என் கடைசிப் படிவங்கள். பதினொன்றிலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தில் இம்மடலின் நகலை இணைத்து அனுப்புகிறேன். படிவம் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால், மறுபடியும் அப்படியே அனுப்புவேன். வேலையை விட்டுப் போன அந்தப் பொறியாளரின் பழைய படிவத்தைத் திருத்த இப்போது விதி இடம் தராது என்று பணியாளர் பிரிவில் சொல்லிவிட்டார்கள். அவருக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற இருக்கும் ஒரு வடிவமைப்புப் பொறியாளர்