அந்த பென் டிரைவ் ஃபோல்டரை அழித்துவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஃபார்மேட் செய்யக் கொடுத்த கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எல்லா சாஃப்ட்வேரும் போட்டாச்சா?" இத்தனை வருஷமாக "போட்டாச்சு சார்" என்றுதான் சொல்லிவந்தோம். இனி சொல்லப்போவதில்லை. காரணத்தை நாங்களே எழுதிவிடுகிறோம்.

முதலில் கிராக், அதாவது காசு கொடுத்து வாங்கவேண்டிய சாஃப்ட்வேரை வாங்காமலே திருட்டுத்தனமாக ஓடவைக்கும் வழி. ஆக்டிவேட்டர் என்று ஒரு சின்ன ஃபைல் வரும், ஓடவிடும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். வாட்ச்மேனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்று ஒருவன் கேட்டால் திறப்போமா? நாங்கள் திறந்தோம். போன வருஷம் அரிசிக்கடைக்காரர் ஒருவரின் கணக்கு ஃபைல்கள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. வந்த வழியைத் தேடினால், எங்கள் பென் டிரைவில் இருந்த ஆக்டிவேட்டர். மூன்று வருஷக் கணக்கில், ஆடிட்டருக்கு மெயிலில் போயிருந்த ஒரு வருஷம் மட்டும் தப்பியது. அன்றைக்கே, பென் டிரைவில் கிராக்குகளை வைத்திருந்த ஃபோல்டரை அழித்தோம்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வாங்க வசதியில்லை என்றால் லிப்ரே ஆபீஸ் போட்டுத் தருகிறோம், இலவசம்தான். எக்செல்லில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைகள்) எழுதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது சரிவராது.

இலவச சாஃப்ட்வேரை நீங்களே இறக்குவதென்றால் கூகுளில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். வீடியோ பார்க்கும் விஎல்சி வேண்டுமா, அதைத் தயாரிக்கும் வீடியோலேன் தளத்துக்கே போங்கள்.

"ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?" என்று விஷயம் தெரிந்த சிலர் கேட்கிறார்கள். ஃபைலைத் தயாரித்தவர் யார், நடுவில் யாரும் மாற்றவில்லையா என்று காட்டும் முத்திரை அது. பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஃபைல்களைச் சுருக்கும் செவன் ஜிப்பைப் பல வருஷமாகப் போடுகிறோம். நாங்கள் இறக்கிய இன்ஸ்டாலர் எதிலும் கையொப்பம் இருந்ததில்லை, ஒரு தொந்தரவும் வந்ததில்லை. குப்பை ஃபைல்களை நீக்கும் சிசிக்ளீனரின் கதை நேர் எதிர். 2017 ஆகஸ்டில் வெளியான அதன் 5.33 பதிப்பு, கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து, முறையான கையொப்பத்தோடு வந்தது. ஆனால் தயாரிக்கும் இடத்திலேயே யாரோ புகுந்து மால்வேரை (கெடுதல் செய்யும் புரோகிராமை) கலந்திருந்தார்கள். செப்டம்பரில் விஷயம் வெளியே வருவதற்குள் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஏறிவிட்டது.

இதில் எங்களை உறுத்துவது, அந்த சாஃப்ட்வேர் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை என்பதுதான். குப்பை ஃபைல்களை நீக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதனால் க்ளீனர், பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் எதையும் இனி நாங்களாகப் போடமாட்டோம். கேட்டால்கூட ஒருமுறை ஏன் என்று கேட்போம், கோபித்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு, மிண்ட் போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. அதன் சொந்த சாஃப்ட்வேர் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் கையொப்பத்தை அதுவே சரிபார்த்துக்கொள்ளும்.

இனி கம்ப்யூட்டரோடு ஒரு தாளும் தருவோம்: என்னென்ன போட்டோம், எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதியில். அப்புறம், முன்பு நாங்கள் கிராக் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள். ஃபைல்களை பேக்கப் எடுத்து, காசு வாங்காமல் சுத்தம் செய்து தருகிறோம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் அதிகம்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலிருந்து