கார் கேக்: குறிப்பில் திருத்த வேண்டியவை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த கார் வடிவச் சாக்லேட் கேக் குறிப்பைப் படித்தேன். படம் அருமை. ஆனால் குறிப்பில் சொன்னபடியே செய்தால் அந்தப் படத்தில் உள்ள கேக் வராது. ஸ்பாஞ்ச் கேக்கைச் சுட்டு, ஆறியதும் வெட்டி, விப்ட் கிரீம் தடவி, ஃபாண்டன்ட் (மாவுபோல் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரைப் பிசைவு) போர்த்தச் சொல்கிறீர்கள். கேக், வெட்டும் நேரம், கிரீம் என மூன்று இடத்தில் தவறு இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு முந்தைய ராத்திரி யாரும் சரிந்த கேக்கோடு நிற்கக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வெட்டி உருவம் கொடுக்கும் கேக்குக்கு ஸ்பாஞ்ச் ஆகாது. கத்தி பட்டால் உதிரும், மேலே பாரம் ஏறினால் அமுங்கும். உருக்கிய சாக்லேட் சேர்ந்த கனமான கேக் வேண்டும். 20 செ.மீ. சதுர டின்னுக்கு வெண்ணெய் 200 கிராம், டார்க் சாக்லேட் 200 கிராம், சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 150 மி.லி. இவற்றைச் சிறு தீயில் உருக்கிக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் அடுத்துச் சேர்க்கும் 3 முட்டையும் வெந்து திரிந்துவிடும். பிறகு மைதா 200 கிராம், கோகோ 30 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலக்கி, கட்டி கரைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். டின்னில் பட்டர் பேப்பர் போட்டு 155 டிகிரியில் ஏறக்குறைய 1 மணி நேரம் சுடலாம். குச்சியில் ஈரத் துகள் ஒன்றிரண்டு ஒட்டினால் பரவாயில்லை, மாவு ஒட்டக் கூடாது. நீங்கள் போட்டிருக்கும் 190 டிகிரியில் ஓரம் முதலில் இறுகி, நடுப்பகுதி மட்டும் மேடாக எழும்பி வெடிக்கும். அந்த மேட்டைச் சீவிய பிறகு காருக்கு உயரம் எங்கே மிஞ்சும்?

ஆறியதும் வெட்டுவதுதான் பலர் தோற்கும் இடம். நன்றாகச் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெண்ணெயும் சாக்லேட்டும் இறுகினால்தான் கத்தி போன வழியே கேக் வெட்டுப்படும். சதுரத்தை இரண்டாக வெட்டினால் 20-க்கு 10 செ.மீ. அளவில் இரண்டு துண்டு. ஒன்று காரின் உடல். மற்றதில் 11 செ.மீ. நறுக்கினால் மேல்பகுதி, அதை முன்னால் 5 செ.மீ., பின்னால் 4 செ.மீ. விட்டு உட்கார வைத்தாலே கார் தெரிந்துவிடும். பிரெட் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். முன்கண்ணாடிக்கு நல்ல சரிவு, பின்னால் லேசான சரிவு. எல்லா விளிம்பையும் மழுக்கிவிட வேண்டும், கூரான விளிம்பில் ஃபாண்டன்ட் கிழியும். தவறி ஆழமாக வெட்டிவிட்டால் மிச்சத் துண்டை உதிர்த்துக் கனாஷில் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த பூச்சு, அளவு கீழே) பிசைந்து அந்தப் பள்ளத்தில் அப்பினால் போதும்.

விப்ட் கிரீமில் உள்ள நீர் ஃபாண்டன்டின் சர்க்கரையைக் கரைக்கும். ஓரிரு மணி நேரத்தில் போர்வை வழுக்கிக் கீழே மடியும். அதற்குப் பதில் கனாஷ்: டார்க் சாக்லேட் 400 கிராம், கிரீம் 200 கிராம். கொதி வரும் கிரீமைப் பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றி, 2 நிமிடம் பொறுத்து நடுவிலிருந்து கலக்கி, பூசும் பதம் வரும்வரை மூடி வையுங்கள். எண்ணெய் பிரிந்து திரிதிரியாகத் தெரிந்தால் கொட்டிவிட வேண்டாம். ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். முதலில் மெல்லிய பூச்சு. துகளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, அடுத்த பூச்சைச் சூடான கத்தியால் வழவழப்பாக்குங்கள். அடியில் உள்ள மேடு பள்ளம் எதையும் ஃபாண்டன்ட் மறைக்காது.

ஃபாண்டன்ட் 4 மி.மீ. கனம் இருக்கட்டும். மெல்லியதானால் மூலையில் கிழியும், தடித்தால் தன் பாரத்தாலேயே இழுபடும். சிவப்பு, கறுப்பு நிறங்களை முதல் நாளே ஜெல் கலரில் பிசைந்துவிடுங்கள். ஒரு ராத்திரியில் நிறம் தானே ஏறும், அதற்குள் கலரை அள்ளிக் கொட்டினால் பிசுபிசுக்கும், கசக்கும். வெள்ளைச் சாக்லேட்டில் நிறம் சேர்ப்பவர்களுக்கு எண்ணெயில் கரையும் கலர் தேவை. ஒரு சொட்டு நீர் கலந்தாலும் சாக்லேட் கட்டிதட்டிவிடும்.

சக்கரத்துக்குச் சாக்லேட் பிஸ்கட் என்ற உங்கள் யோசனை நல்லது. ஆனால் கடைசியில்தான் ஒட்ட வேண்டும், முன்கூட்டி ஒட்டினால் ஈரத்தில் நமத்து விழும். காரின் உடலை முதலிலேயே அதைவிடச் சிறிய, 1.5 செ.மீ. உயரமுள்ள, பேப்பர் சுற்றிய அட்டைக் கட்டையில் ஏற்றிவிட்டால் சக்கரம்தான் தாங்குவதுபோல் தெரியும்.

முடிந்த கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்தே ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்த பின்னும் குளிர் இறங்கும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். அப்படியும் வியர்த்தால் துடைக்கக் கூடாது, தொட்ட இடமெல்லாம் தழும்பாகும், தானே காயட்டும்.

இது ஒரே நாளில் முடிகிற கேக் இல்லை. உங்கள் குறிப்பில் டின் அளவும் இல்லை, முதல் நாள் வேலை எது என்பதும் இல்லை. இனி வரும் கேக் குறிப்புகளில் இந்த இரண்டையும் தேவையான பொருட்களுக்கு மேலேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கேக் செய்யக் கற்றுத்தரும் ஒரு வாசகர்