காவல் புரதத்தின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் அறிவியல் பக்கத்தில், வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பி53 புரதம் பற்றி வந்த கட்டுரையை மின்னிதழில் படித்தேன். சொந்த ஊர் நாகர்கோவில். வேலை பார்ப்பது பிரிஸ்பேனில், ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில். எழுபது வயதுக்குள் ஆஸ்திரேலியர் மூவரில் இருவருக்கு ஏதாவதொரு தோல் புற்று வந்துவிடும் என்பது இங்குள்ள கணக்கு. டாக்டர்கள் வெட்டி அனுப்பும் தோல் துணுக்குகளை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றித் தருவது என் பிழைப்பு. அந்தக் கட்டுரை பாதி விஷயத்தை மட்டுமே சொன்னது.

சொன்ன பாதி சரிதான். புற ஊதாக் கதிர் பட்டு டிஎன்ஏ சிதைந்தால், பி53 அந்த செல் பிரிவதை நிறுத்தி வைக்கிறது. சேதம் மிஞ்சிவிட்டால் செல்லையே சாக வைக்கிறது. வெயிலில் வெந்த தோலை நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிப்போன செல்கள் தெரியும்: சுற்றிலும் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, நடுவே இறுகிக் கறுத்த உட்கரு. அவை அப்படிச் செத்தவை.

ஆனால் பி53-க்கான மரபணுவும் அதே வெயிலில்தானே கிடக்கிறது? யேல் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் பிராஷ் குழு 1991-ல் தோலின் செதிள்செல் புற்றுகளில் அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான ‘சி’ அடுத்தடுத்து இரண்டு இருந்த இடங்களில், அவை இரண்டும் ‘டி’ என்ற வேறு எழுத்தாக மாறியிருப்பது அகப்பட்டது. அது புற ஊதாக் கதிரின் கைரேகை. 1994-ல் அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: பி53 செயலிழந்த எலித் தோலில், கதிர் பட்டாலும் மேலே சொன்ன மாதிரி சாகும் செல்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த முறை வெயில் சுடும்போது நல்ல செல்கள் உத்தரவுக்குப் பணிந்து சாகும். பி53 பழுதான செல் சாகாது, காலியான இடத்தில் பெருகும். களையெடுக்கப் போனவர் பயிரைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுவிட்டு வந்த கதைதான்.

வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத, வெயில் பட்ட தோலில்கூட பி53 பழுதான செல்கள், கூட்டத்துக்கு 60 முதல் 3000 வரை, கூட்டம் கூட்டமாக இருப்பது 1996-ல் வெளிவந்தது. ஆய்வகத்தில் பி53-க்கென்று தனிச் சாயம் உண்டு. ஒழுங்கான பி53 உருவான கொஞ்ச நேரத்திலேயே சிதைந்துவிடுவதால் சாயம் அவ்வளவாகப் பிடிக்காது. கெட்டுப்போனது பெரும்பாலும் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். உட்கருக்கள் அடர் பழுப்பாகத் திட்டுத் திட்டாக நிற்கும். காவலர் அதிகம் தென்படும் இடத்தில்தான் காவல் இல்லை! விஞ்ஞானிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1979-ல் கண்டுபிடிக்கப்பட்ட பி53, பத்து வருடம் புற்றுநோயை உண்டாக்கும் புரதம் என்றே பெயர் வாங்கியது. அவர்கள் கையில் இருந்த மரபணுப் பிரதிகள் பழுதானவை என்பது 1989 வாக்கில்தான் தெளிவானது. டேவிட் லேன் அதை மரபணுத் தொகுதியின் காவலர் என்று எழுதியது 1992-ல்.

ஆகவே, பி53-ஐக் கூட்டும் களிம்பு வந்தால் கவலை தீரும் என்ற கட்டுரையின் கடைசிப் பத்தி எனக்கு ஒப்பவில்லை. டெக்சாஸில் லாரி டோனஹவர் குழு 2002-ல் பி53 அளவுமீறி வேலை செய்யும் எலிகளைப் பற்றி எழுதியது. புற்று குறைந்தது உண்மை. கூடவே தோல் மெலிந்தது, எலும்பு தேய்ந்தது, காயம் ஆறத் தாமதமானது, ஆயுளும் குறைந்தது.

இன்னொன்று. அதே பக்கத்தின் அடியில், வெயில் கருமையைப் போக்கும் கிரீம் விளம்பரம்! வெயிலில் கறுப்பதும் பி53-இன் வேலைதான். அடிபட்ட மேல்தோல் செல்லில் பி53 கிளப்பிவிடும் சமிக்ஞை பக்கத்து நிறமிச் செல்லுக்குப் போய்த்தான் மெலனின் என்ற கருநிறமி சுரக்கிறது. பாஸ்டனில் டேவிட் ஃபிஷர் குழு 2007-ல் இதைக் காட்டியது. ஊருக்கு வரும்போதெல்லாம் “இப்படிக் கறுத்துட்டியே மக்களே” என்று அங்கலாய்க்கும் என் அம்மாவிடம் இதை எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். உங்கள் விளம்பரப் பிரிவுக்கும் யாராவது விளக்கலாம்.

பிறவியிலேயே கறுத்த தோல் நம்மில் பெரும்பாலோருக்கு நல்ல குடை. அல்பினிசத்தோடு, அதாவது தோலில் நிறமி இல்லாமலோ மிகக் குறைவாகவோ பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் குடை கிடையாது. நம்மூர்ப் பள்ளிகளில் காலை பிரேயருக்கும் பி.டி. பீரியடுக்கும் அவர்களையும் வெயிலில்தான் நிறுத்துகிறோம், பல இடங்களில் தொப்பிகூடப் போட விடுவதில்லை. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவர்களுக்கு மருந்து மாதிரி என்று ஒரு தோல் மருத்துவரைக் கொண்டு, கோடை தொடங்குமுன் அதே பக்கத்தில் எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகி,
பிரிஸ்பேன்.