பள்ளிச் சுவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் எரிப்பதை நிறுத்தக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், தையல் தொழிலாளி.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி – பிளாஸ்டிக் குப்பை எரிப்பு – நிறுத்தவும், குப்பையைக் குறைக்கவும் பிரிக்கவும் பள்ளிக்குக் கற்றுத்தரவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 8.7.2024 மற்றும் 14.10.2024.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பள்ளி தாங்கள் அறியாத இடம் அல்ல. குடியரசு நாள் கிராம சபைக்கு வந்தபோது தங்களுக்கு நாற்காலி போட்டிருந்த அரசமரத்துக்கு நேர் எதிரே இருப்பதுதான். அன்று காலை பள்ளியின் பின்புறத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடும் போட்டிருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை அதே இடத்தில் மறுபடியும் எரிந்தது.

1. வடக்குச் சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவிலுள்ள பத்தடி இடத்தில் பள்ளியின் குப்பையும் எதிரேயுள்ள பெட்டிக்கடைகளின் குப்பையும் எரிக்கப்படுகின்றன.

2. எரிக்கும் நேரம் நண்பகல் பன்னிரண்டரை. அதாவது சத்துணவு மணி அடிக்கும் நேரம். ஐந்து ரூபாய் முறுக்கு உறை, குச்சிமிட்டாய்த் தாள், ஐஸ் உறை, மூடி போன பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே குவியல். இந்த மாதங்களில் காற்று வடக்கிலிருந்து வருவதால் புகை நேராகச் சத்துணவுக் கூடத்துக்குள் போகிறது. உரித்த முட்டையின் மேல் கரித்தூள் வந்து உட்காருவதை நான் கண்ணால் பார்த்தேன். என் மகள் அதை விரலால் தேய்த்தாள். வெள்ளை முட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது. அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள், பசி. மூச்சிரைப்பு உள்ள இரண்டு பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு கொடிமரத்தடிக்கு ஓடிவிடுகிறார்கள். சமையலர் அம்மா புகை வராமலிருக்க ஜன்னலில் ஒரு பதாகையைக் கட்டியிருக்கிறார். சென்ற ஆண்டு விழிப்புணர்வு நாளுக்கு அச்சடித்த 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' பதாகைதான் அது. அதுவும் பிளாஸ்டிக். கிழிந்தால் அதே குவியலுக்குத்தான் போகும். அந்தப் பதாகையில் உள்ள பிவிசி என்ற பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும் என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை.

3. திறந்தவெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்கு 1.1.2019 முதல் தடை. 23.12.2021 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியாயிற்று. ஆணை எதற்கும் குறைவில்லை அம்மா.

4. இரண்டு வாரங்களுக்கு முன் வீட்டு முருங்கை மரத்தடியில் என் மகள் உறைகளைக் கூட்டிச் சேர்த்துத் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஒன்று வைத்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்தில் இப்படித்தானே செய்கிறார்கள்" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? உறுதிமொழியை வரிசையில் நின்று மனப்பாடமாகச் சொல்கிறாள். கையால் செய்யக் கற்றது எரிப்பதைத்தான்.

5. நானே தைக்கும் துணியில் மிச்சம் சேர்த்து அறுபது பைகள் தைத்துக் கொடுத்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. அவை பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன, ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது எடுத்துக் காட்ட. (தங்கள் அலுவலக வாசலிலும் மஞ்சப்பை தரும் இயந்திரம் இருக்கிறது. சென்ற முறை வந்தபோது என் பத்து ரூபாயை விழுங்கிக்கொண்டது. அது வேறு கதை.)

6. பெருக்கும் அம்மாவைக் குறை சொல்லவே நான் வரவில்லை. அவருக்கு ஒரு மணி நேர வேலைக்கான கூலி. கூட்டியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியையும் "நான் என்ன செய்ய, தூய்மைக் காவலர் வண்டி பள்ளிப் பக்கம் வருவதில்லையே" என்கிறார். இரண்டு தெரு தள்ளி அந்த வண்டி தினமும் மணி அடித்துக்கொண்டு போகிறது. இருநூறு அடி தள்ளி வர ஒரு ஆணை வேண்டுமா? ஏழு மாதமாக நான் திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து வரிசையில் நிற்கிறேன். கைப்பேசிக்கு வந்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி: தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது. மனு முடிந்தது, புகை முடியவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும். நான் கேட்பது பெரிய செலவு இல்லை. முதலில் எரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். தூய்மைக் காவலர் வண்டியை நண்பகலுக்கு முன் பள்ளி வாசலுக்கு வரச் செய்யுங்கள். பிரிக்கவும், சாப்பாட்டு மிச்சத்தை உரக்குழியில் போடவும் தெரிந்த ஒருவரை மாதம் இரண்டு நாள் அனுப்புங்கள். பதாகையும் உறுதிமொழியும் வேண்டாம், பிள்ளைகளோடு குந்தி உட்கார்ந்து கையால் செய்து காட்டட்டும். தேசிய பசுமைப் படை (மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றம்) என்று பலகை மாட்டிய பள்ளிகளிலிருந்தாவது ஓர் ஆசிரியர் வரட்டும். மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையைத் தாரோடு சேர்த்துச் சாலை போட வழி காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் உறைகளையும் அப்படி எங்காவது சேர்க்க ஏற்பாடு செய்யலாம். அதுவும் முடியாதென்றால் எரிப்பதையாவது நிறுத்துங்கள் அம்மா. சாப்பாட்டு நேரத்தில் எரிப்பதையாவது.

நாள்: 10.2.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: புகைப்படம் 3. மஞ்சப்பை 1 (உள்ளே, வெள்ளிக்கிழமை எரிந்தும் எரியாமலும் கிடந்த உறைகள்).