முதலில் தேன்மொழிக்கு ரத்தம் பார்

மதுரை

அன்புள்ள ராஜு,

குமரேசனுக்குக் கால் மரத்துப்போன காரணம் தெரிந்துவிட்டது. சைக்கிளும் இல்லை, சர்க்கரையும் இல்லை, நீ அடித்துச் சொன்ன ஹேண்டில்பார் உயரமும் இல்லை. சத்து மாத்திரை. நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்குத்தான் வந்தான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சின்னவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. பெரியசாமி சாரைக் கோயில் வாசலில் பார்த்தேன், அந்தக் கைத்தடி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. உன்னைத்தான் முதலில் விசாரித்தார், ஜாக்கிரதை.

குமரேசன் கடை மேசையில் மூன்று சாமான்களை எடுத்து வைத்தான். ஒரு பி காம்ப்ளெக்ஸ், பிடிப்பு வராமலிருக்க ஒரு மெக்னீசியம் மாத்திரை, தண்ணீரில் கலந்து குடிக்கும் ஒரு பொடி. லென்ஸை வைத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். மூன்றிலும் பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு இருந்தது, அதாவது வைட்டமின் பி6. மெக்னீசியத்தோடு அதைச் சேர்த்து விற்பது இந்தத் தொழிலில் சகஜம், வாங்குகிறவருக்குத்தான் தெரியாது. கூட்டிப் பார்த்தால் தினமும் 100 மில்லிகிராமுக்கு மேல் போயிருக்கிறது. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்குத் தேவை ஒன்றிரண்டு மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது, நரம்பைக் கெடுக்கிறது என்பதற்காகவே. மரமரப்பு வந்ததும் நரம்புக்கு நல்லது என்று பி காம்ப்ளெக்ஸை இரண்டாக்கியிருக்கிறான் அவன். எது கெடுத்ததோ அதையே இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறான். அதை நினைத்தால்தான் மனது ஆறவில்லை.

உனக்கும் கை மரத்துப்போகிறது என்று சொன்னாயே, அதனால் இதைக் கவனி. ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிப்பதால் வரும் மரப்பு சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் வரும். உள்ளங்கையின் ஓரத்தில் போகும் நரம்பு நசுங்குவதுதான் காரணம். கையை மாற்றிப் பிடித்தால், சில நாள் ஓட்டாமல் இருந்தால், குறையும். பி6 செய்வது வேறு. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். குமரேசன் இருட்டில் நடந்தால் கால் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை என்கிறான். மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பெரும்பாலோருக்கு மெல்லச் சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். நம் கூட்டத்தில் நடையில் யாரும் அவனைப் பிடித்ததில்லை, உனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குச் சேலம் வந்தபோது உன் சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். ஊறுகாய் இருந்த இடத்தில் பாட்டில்கள். 2027இல் பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் ஓட்டத்துக்குப் போவேன், 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிப்பேன் என்கிறாய். போய் வா, உன் பிடிவாதத்துக்கு நிச்சயம் முடியும். அந்த வருடம் 200, 300, 400, 600 என்று வரிசையாகத் தகுதி ஓட்டங்களை முடிக்க வேண்டும். அதற்கு உனக்கு என்ன குறைகிறது என்று எந்த மருத்துவரும் சொல்லாமலேயே ஏழு வகை மாத்திரை எடுத்துக்கொள்கிறாய். மருந்துக் கடை வைத்திருக்கிற நானே சொல்கிறேன்: பாதியை நிறுத்து.

முதலில் இரும்புச் சத்து. நீ ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை. உடம்புக்குள் வந்த இரும்பை வெளியேற்ற நமக்கு வழி கிடையாது, ரத்தம் போனால்தான் உண்டு. மிஞ்சியது கல்லீரலில் போய் உட்காரும். 1990களில் ஐரோப்பியத் தொழில்முறை வீரர்கள் இரும்பு ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். பலருடைய ரத்தத்தில், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இருக்கக்கூடாத அளவுக்கு ஏறிக் கிடந்தது. மருத்துவக் காரணம் இல்லாமல் ஊசியே போடக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2011இல்தான் விதி கொண்டுவந்தது. உனக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் அந்தச் சிவப்பு மாத்திரையைத் தொடாதே.

ஆனால் நான் பேனாவை எடுத்தது உனக்காக மட்டும் இல்லை. உன் மகள் தேன்மொழிக்காக.

நான் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் உன்னோடு போட்டிபோட்டு ஏறிய பெண், பாதியில் இறங்கி மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கீழ் இமை வெளுத்திருந்தது. படிக்கட்டு ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது என்று அம்மா மாலதியிடம் சொல்லியிருக்கிறாள். நீ "பயிற்சி போதவில்லை" என்றாய். ராஜு, பத்தொன்பது வயதுப் பெண், மாதவிலக்கு உண்டு, வீட்டில் சைவச் சாப்பாடு, வாரம் முழுவதும் சைக்கிள். இரும்பு குறைவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே வீட்டில் தேவையில்லாத நீ தினமும் இரும்பு சாப்பிடுகிறாய், தேவைப்படுகிறவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. எனக்குக் கோபமே வருகிறது.

ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது என்று கல்லூரி முகாமில் சொன்னார்களாம். அது போதாது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அது 15க்குக் கீழே போனால் இரும்புக் குறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடுமையாக ஓட்டிய மறுநாள் ரத்தம் கொடுக்க வேண்டாம், உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். காய்ச்சல், சளி இல்லாத நாளாகப் பார்.

குறைவு என்று வந்தால் மருத்துவர் மாத்திரை எழுதுவார். எப்படிச் சாப்பிடுவது என்பதை நான் சொல்கிறேன், கடையில் இதைக் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. காப்பி, டீயோடு கூடாது, இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கால்சியம் மாத்திரையோடும் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக ஏறும். ஓட்டம் முடிந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து குடலில் இரும்பைத் தடுத்துவிடும், அதனால் காலையில் ஓட்டத்துக்கு முன்போ முடித்த கையோடோ நல்லது. ஒரு மாத்திரை போட்டாலும் அதே ஹார்மோன் மறுநாள்வரை உயர்ந்தே இருக்கும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தால் உடம்பில் சேரும் விகிதம் கூடுகிறது என்று சுவிட்சர்லாந்தில் இரும்புக் குறையுள்ள பெண்களிடம் செய்த ஆய்வுகள் காட்டின. மருத்துவரிடம் இதைக் கேள். மலம் கறுத்தால் அவள் பயப்பட வேண்டாம்.

அந்த ஜிம் பொடியை அவளிடமிருந்து வாங்கி வைத்துவிடு. மாநிலப் போட்டிக்குப் போகிறவள். 2000த்தை ஒட்டிய வருடங்களில் ஜெர்மனியின் கொலோன் நகரில், 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தார்கள். 94இல், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு இருந்தது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது. உடம்புக்குள் இருப்பதற்கு வீரரே பொறுப்பு.

உன் பாட்டில்களுக்குத் திரும்புகிறேன். காலையில் போடும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டாம். நார்வேயில் 2014இல் வெளிவந்த ஆய்வில் 11 வாரம் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவுக்கு அதே அளவு வைட்டமின் சியும் அதோடு வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். மூச்சுத் திறன் இரு பிரிவுக்கும் ஒரே மாதிரிதான் கூடியது. ஆனால் தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா பெருகுவதன் அடையாளங்கள் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மட்டும் உயரவில்லை. பிடிப்புக்கு மெக்னீசியம் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. மே மாத வெயிலில் பச்சைத் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிக்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை. சோடியம் இறங்கினால் மயக்கம், குழப்பம் எல்லாம் வரும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். உப்பும் மோரும் கலந்து எடுத்துப் போ, அல்லது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்துக்கொள்.

உனக்கு உண்மையில் குறையக்கூடியவை இரண்டு. தாவர உணவில் பி12 கிடையாது, நீ வேறு வருடக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாய், அதுவும் பி12ஐக் குறைக்கும். குறைந்தால் அதற்கும் கைகால் மரக்கும், அதனால் ஊகித்துக்கொண்டிராமல் அளந்து பார். அடுத்தது வைட்டமின் டி. விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறும்போது அலுவலகத்துக்குள் போய்விடுகிறாய். குறைவாக வந்தால் வாரம் ஒரு 60,000 யூனிட் என்று சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதுவார், சாப்பாட்டோடு எடுத்துக்கொள். அதை முடிவில்லாமல் தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். சைக்கிள் எலும்புக்குச் சுமை கொடுப்பதில்லை, நீண்டதூரம் ஓட்டுகிறவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைவது உண்டு. குமரேசன் நடக்கத் தொடங்கியதும் நீயும் அவனோடு நட. மாலதி செய்யும் கேழ்வரகுக் களியை முகம் சுளிக்காமல் சாப்பிடு, 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மாலதியிடமும் கொடு. எல்லா பாட்டில்களின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல், எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று நான் எழுதுகிறேன். தேன்மொழியைத் திங்கட்கிழமையே பரிசோதனைக்குக் கூட்டிப் போ. ஃபெரிட்டின் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் பார்ப்பார்கள், மறக்காதே.

அன்புடன்,
செல்வம்