அம்பு சரியாத்தான் இருந்துச்சு, வால்வு மாட்டின இடம்தான் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைப்ல இருக்கற சுடுதண்ணிய ஹீட்டருக்குத் திருப்பி அனுப்பி சுத்தவிடற சர்குலேட்டர் பம்பு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, பைப்ல ஆறிப்போன தண்ணிய வாளி வாளியா கீழ ஊத்த வேணாம், டேப்ப திறந்த உடனே சூடா வரும்னு எழுதியிருந்தீங்க, ஆனா தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடற செக் வால்வு, அதான் நம்ம பிளம்பருங்க என்ஆர்வினு சொல்றது, அதை எங்க மாட்டணும்னு ஒரு வரிகூட இல்ல. நான் அதுல பட்டதால இதை எழுதறேன்.

எங்க வீட்ல ஹீட்டர் கீழ, பாத்ரூம் மேல. மேல கடைசி டேப்புக்குப் பக்கத்துல இருந்து ரிட்டர்ன் லைன், அதான் ஆறின தண்ணி ஹீட்டருக்குத் திரும்பற பைப், இறங்கி வந்து ஹீட்டருக்குப் போற பச்சத்தண்ணி பைப்ல சேருது, பம்பு அந்த ரிட்டர்ன்லயே இருக்கு. பம்பு போட்ட ஒரு வாரத்துல பாத்தா குளிக்க ஆரம்பிச்சதும் தண்ணி வெதுவெதுனு ஆயிடுது. ஹீட்டர்தான் கோளாறுன்னு சொல்லி எலிமென்ட், தெர்மோஸ்டாட் எல்லாம் மாத்தியாச்சு, ஒண்ணும் நடக்கல. கடைசில பம்ப ஆஃப் பண்ணிட்டு மேல சுடுதண்ணி டேப்ப திறக்கச் சொல்லி, கீழ ரிட்டர்ன் பைப்ல கைய வெச்சேன், ஜில்லுனு இருந்துச்சு! பச்சத்தண்ணி ஹீட்டருக்குள்ள போகாம ரிட்டர்ன் வழியா குறுக்கால மேல ஏறி சுடுதண்ணியோட கலக்குது.

வால்வு இல்லாம இல்ல, இருந்துச்சு, தண்ணி போற பக்கத்தைக் காட்டற அம்புக்குறியும் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அது ஸ்விங் டைப், மாட்டினது மேல இருந்து கீழ இறங்கற பைப்ல. கழட்டி கைல பிடிச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது, உள்ள இருக்கற தகடு ஒரு கீல்ல தொங்குது, அம்பு கீழ பாத்தா தகடு தன் எடையிலயே தொறந்து தொங்கிடுது, அப்புறம் அது எப்படி மூடும்? ஸ்விங் டைப்ப படுக்கை பைப்ல மாட்டணும், இல்லேன்னா தண்ணி மேல ஏறற பைப்ல மாட்டணும். தகட்ட ஸ்பிரிங் அழுத்தி மூடற ஸ்பிரிங் டைப்னா எந்தப் பக்கமும் மாட்டலாம், ராத்திரி பம்பு நின்ன பிறகும் சூடு தானா மேல ஏறி சுத்திக்கிட்டே இருக்குமே, அதையும் ஸ்பிரிங் தடுத்துடும்.

எனக்குத் தெரிஞ்சு சரியான இடம் பம்புக்கு அடுத்து, பச்சத்தண்ணி பைப்ல சேர்ற டீக்கு (மூணு வழி ஜாயின்ட்டுக்கு) முன்னாடி. பம்புக்கு முன்னாடி மாட்டினா பம்புக்குள்ள சிக்கின காத்து வெளிய போக வழி கஷ்டம், இழுக்கற பக்கம் தடையும் ஜாஸ்தி. அதுக்காக பம்பு வாயோட ஒட்டியும் வெக்கக்கூடாது, தண்ணி அங்க சுழண்டு வர்றதால தகடு டக்டக்குனு அடிச்சுக்கிட்டே இருக்கும், பைப் விட்டத்தைப் போல அஞ்சு பத்து மடங்காவது நேர் பைப் விடணும், 20 மி.மீ. பைப்னா 10லேர்ந்து 20 செ.மீ.

இன்னொண்ணு, சில பம்புல அவுட்லெட்லயே வால்வு வெச்சே வருது, அதைப் பாக்காம வெளிய இன்னொண்ணு போட்டுடறாங்க, அப்ப தடை கூடிடும். வீட்டு பம்புல சின்னதா இருக்கறது தள்றதே ஒண்ணு ரெண்டு மீட்டர் உயரத்துக்குத்தான், தொறக்க அரை பிஎஸ்ஐ அழுத்தம் கேக்கற ஸ்பிரிங் ஒண்ணே அதுல 35 செ.மீ. தின்னுடும்.

எங்க வீட்ல ஒருத்தர், அப்ப பச்சத்தண்ணி மெயின் பைப்லயே ஒரு வால்வு போட்டுடுங்கன்னாரு. அது இந்தக் கோளாறுக்கு மருந்தே இல்ல, டீயில இருந்து ரிட்டர்னுக்குள்ள போறதை அது எப்படித் தடுக்கும்? அதுவும் போக, ஹீட்டர்ல 100 லிட்டர் தண்ணி 20 டிகிரில இருந்து 60க்கு சூடானா ஒன்றரை லிட்டர் கூடும், அது திரும்பிப் போக வழிய அடைச்சா கூடற தண்ணிய வாங்கிக்கற எக்ஸ்பான்ஷன் டேங்க் வெக்கணும், இல்லேன்னா சேஃப்டி வால்வு ஒழுகிட்டே இருக்கும்.

அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போட்டா கூட ஒரு படம் போடுங்க சார், வால்வும் அம்பும் தெரியற மாதிரி.

இப்படிக்கு,
ரெண்டு தடவை எலிமென்ட் மாத்தின வாசகர்